பின்னால யாரு நிக்கான்?

2020 நவம்பர் 20, வெள்ளிக்கிழமை ராத்திரி. ஐஎஸ்எல் புட்பால் லீக்கின் ஏழாவது சீசனின் முதல் ஆட்டம், கோவா பாம்போலிம் மைதானத்தில், கேரளா பிளாஸ்டர்ஸும் ஏடிகே மோகன் பகானும். கொரோனா காலம், மைதானத்தில் ஈ காக்கை கிடையாது. எங்கள் ஊர்ச் சாயாக்கடையில் மட்டும் நிற்க இடமில்லை. மாஸ்க் எல்லாருடைய தாடையிலும் இருந்தது, அது தனிக்கதை. கேரள எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் கடையில் பாதிப்பேர் மஞ்சள் சட்டைக் கட்சி. அன்றைக்கு அவர்களுக்கே ஒரு குழப்பம். எதிரணியின் இடப்பக்கம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர் மைக்கேல் சூசைராஜ், எங்கள் கரையில் இரவிபுத்தன்துறைக்காரர். பிளாஸ்டர்ஸ் ஜெயிக்கணும், சூசை நல்லா ஆடணும் என்று இரண்டையும் ஒரே வாயால் வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாதியிலேயே சூசை விழுந்தார். புல்லில் கிடந்தபடி முழங்கால் முட்டைப் பிடித்தார். கேமரா கிட்டே போனது. கடையில் சத்தம் அடங்கிவிட்டது, சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த குவளையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். என் வலது கை தன்னால் என் வலது முட்டுக்குப் போனதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். பக்கத்தில் இருந்த பையன், "ஒண்ணும் ஆகாது மாமா, ஸ்ப்ரே அடிச்சா எந்திச்சிருவாரு" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சுபாசிஷ் போஸ் உள்ளே வந்தார், சூசை வெளியே போனார். இரண்டாம் பாதியில் ராய் கிருஷ்ணா ஒரு கோல் போட்டு மோகன் பகான் ஜெயித்தது. யார் ஜெயித்தார்கள் என்று அன்றைக்கு எங்கள் கடையில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அந்த ஆட்டத்தோடு அவருக்கு அந்தச் சீசன் முடிந்தது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "நீங்களும் மிட்ஃபீல்டர்தானே அண்ணே, எதுக்கு விட்டீங்க?" நான் வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொன்னேன், முட்டு போச்சு என்று. ராத்திரி படுத்த பிறகு யோசித்தேன். முட்டு போனால் ஓடக்கூடவா முடியாது? நான் ஓடுவேனே. இன்றைக்கும் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் படகுக்குப் படகு தாவி, தோளில் வயர்லெஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறேன். போனது ஓட்டம் கிடையாது. போனது திரும்புவது. ஒரு மிட்ஃபீல்டருக்கு, நடுவில் ஆடுகிறவனுக்கு, அது போனால் எல்லாம் போனது.

சரி, முதலில் எங்கள் கரையைச் சொல்லிவிடுகிறேன். குழித்துறை ஆறு கடலில் சேருகிற இடத்துக்கு மேற்கே எட்டு ஊர்கள்: இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. அதற்கப்புறம் பொழியூர், கேரளம். ஊருக்கு ஊர் இடைவெளி என்று ஒன்று கிடையாது. ஒரு ஊர் சுவர் முடிகிற இடத்தில் அடுத்த ஊர் குருசடி நிற்கும். என்னுடைய ஊர் இந்த எட்டில் ஒன்று, எது என்று சொன்னால் மற்ற ஏழு ஊர்க்காரர்களும் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள். எங்கள் ஆட்கள் ஆழ்கடல்காரர்கள். சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போடப் போனால் முப்பது நாள், நாற்பது நாள் தங்கல். அப்பா கடலில் இருக்கிற நாளில் பிள்ளைகள் மணலில் பந்தோடு இருப்பார்கள். அப்பா கரையில் இருக்கிற நாளில் அப்பாவும் பிள்ளையும் மணலில் பந்தோடு இருப்பார்கள். கிரிக்கெட் எங்களுக்குத் தெரியும், ஆனால் கரையில் மட்டையோடு ஒருவனைப் பார்த்தால் விருந்துக்கு வந்த உறவுக்காரன் என்று நினைப்போம்.

எங்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமா. எண்பதுகளில் சென்னையில் ஒரு அலுவலக அணிக்கு ஹாஃப் ஆடியவர். அந்தக் காலத்தில் மிட்ஃபீல்டர் என்ற பேச்சே ஊரில் கிடையாது, ஹாஃப்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கி, காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் லீக் ஆடப் போவது. ஐசிஎஃப், இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, துறைமுகம் என்று சென்னை லீக் முழுக்கவே அப்படிப்பட்ட அணிகள்தான். எங்கள் கரையில் ரொம்ப காலத்துக்கு புட்பால் ஆடிப் பிழைப்பது என்றால் அதுதான் பொருள்: காலில் பந்து, பையில் மாதச் சம்பளம், அறுபது வயதில் பென்ஷன். பந்துக்காகவே சம்பளம் கொடுக்கிற கிளப் என்பதெல்லாம் பின்னால் வந்தது.

மாமா கடல் வற்றி ஈரம் இருக்கிற மணலில் எங்களை நிறுத்துவார். நடுவில் ஒருவன். அவனுக்கு முன்னால் பத்தடியில் மாமா, காலடியில் பந்து. அவனுக்குப் பின்னால் இன்னொரு பையன் கையைத் தூக்கி விரல் காட்டிக்கொண்டு நிற்பான், ஒன்றோ மூன்றோ ஐந்தோ. மாமா பந்தை உதைப்பார். பந்து நம் காலைத் தொடுவதற்கு முன்னால் பின்னால் இருப்பவன் எத்தனை விரல் காட்டுகிறான் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அல்லது தப்பாகச் சொன்னால், அந்தப் பந்து செல்லாது. நாள் பூராவும் அந்த ஒரே சத்தம்தான்: "பின்னால யாரு நிக்கான்? லேய், பின்னால யாரு நிக்கான்?" விரல் எண்ணுவதில் தேறியவனுக்கு அடுத்த பாடம். பின்னால் நிற்பவன் இப்போது உண்மையிலேயே முட்டுவான். அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று முதுகால் உணர்ந்து, பந்து வரும்போதே உடம்பை அரைவாசி திறந்து, எதிர்ப் பக்கம் ஒரே தொடலில் திரும்ப வேண்டும். மாமா இதற்கு ஒரு பேரும் வைக்கவில்லை. "வள்ளத்த திருப்பு" என்பார், அவ்வளவுதான்.

ரொம்ப வருஷம் கழித்து நார்வேக்காரர் ஒருவர், கெய்ர் யோர்டெட், இதையே ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார் என்று படித்தேன். பந்து வருவதற்கு முன்னால் எத்தனை தடவை தலையைத் திருப்பிச் சுற்றும் பார்க்கிறார்கள் என்று ஆட்டக்காரர்களைப் படம் பிடித்து எண்ணியிருக்கிறார். அதிகம் பார்ப்பவர்களின் பாஸ் அதிகம் சரியாகப் போகிறது. லாம்பார்டு, ஷாவி மாதிரிப் பேர் பெற்ற நடு ஆட்டக்காரர்கள் எல்லாம் அதில் சூரர்கள். மாமாவிடம் சொன்னேன். "நார்வேயில மணலு உண்டா?" என்று கேட்டார்.

நடு ஆட்டக்காரனைப் பார்வையாளர்களுக்குப் புரியாது, அது அவர்கள் குற்றமில்லை. தொண்ணூறு நிமிடத்தில் ஒருவன் காலில் பந்து இருப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். ஓடுவது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மிச்ச நேரமெல்லாம் எங்கே நிற்பது, யாரை மறைப்பது, எந்த வழியை அடைப்பது என்பதுதான் வேலை. கோல் போட்டவன் பெயர் மறுநாள் பேப்பரில் வரும், கோலி பிடித்தால் அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றுவார்கள், நடுவில் இருந்தவனிடம் அம்மா கூட, "இன்னைக்கு நீ ஆடினியா மக்கா?" என்றுதான் கேட்பாள். நான் ஆடிய நாளெல்லாம் என் அம்மா அப்படித்தான் கேட்டாள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் பக்கம் ஆடுகிறது பெரும்பாலும் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர். பங்குத் திருநாள், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று எதுவாக இருந்தாலும் ஒரு செவன்ஸ் டோர்னமென்ட், ஃபிளட் லைட், மைக் செட், கோப்பையோடு ரொக்கம், சில ஊர்களில் ஒரு ஆட்டுக்கிடாவும். செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது. கோலி ஒரு உதை விட்டால் பந்து நேரே எதிர் கோல் வாசலில் விழும். நடு என்று ஒன்று இருப்பதாகவே பந்துக்குத் தெரியாது. செவன்ஸில் வளர்ந்த பையனைப் பதினோரு பேர் ஆட்டத்தில் நடுவில் நிறுத்தினால் முதல் மாதம் திணறுவான், இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று. எங்கள் கரையிலிருந்து வேகமான விங்கர்களும் முட்டி மோதுகிற ஃபார்வர்டுகளும் நிறைய வந்ததற்கும், அமைதியான நடு ஆட்டக்காரர்கள் குறைவாக வந்ததற்கும் இதுதான் காரணம் என்பது என் கட்சி. மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். "ஆளு கொறவில்ல, பொறுமதான் கொறவு" என்பார்.

சூசைராஜ் 1994இல் பிறந்தவர், என்னைவிட ஐந்து வயது சின்னவர். நான் அவரோடு பேசியது கிடையாது, ஒரே பந்தைத் தொட்டதும் கிடையாது. ஆனால் இந்தக் கரையில் அவரைத் தெரியாதவர் இல்லை. அவரோடு கூடப்பிறந்த ரெஜினும் ஆட்டக்காரர், சென்னை சிட்டிக்கு ஆடியவர். சூசை இடங்கால்காரர். மிட்ஃபீல்டில் இடங்கால்காரன் கிடைத்தால் கோச்சுகள் தங்கம் கிடைத்த மாதிரி பார்ப்பார்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்துக் கோணமே வேறு. சென்னை சிட்டி அணி 2017இல் ஐ-லீக்குக்கு, நாட்டின் இன்னொரு பெரிய லீக்குக்கு, வந்தபோது தமிழ்நாட்டுப் பையன்கள் நிறைய பேர் அதில் இருந்தார்கள், சூசையும் இருந்தார். அங்கே அவர் ஆடியதைப் பார்த்தால் மாமா சொன்னது ஞாபகம் வரும். பந்து வருமுன் ஒரு தடவை தோளுக்கு மேல் பார்வை, அப்புறம் ஒரு திரும்பல், பின்னால் இருந்தவன் வெறும் காற்றை முட்டிக்கொண்டிருப்பான்.

2017 நவம்பர் 29ஆம் தேதி சென்னை சிட்டி அடுத்த சீசனில் இந்தியன் ஏரோஸிடம் 3-0 என்று தோற்றது. ஏரோஸ் என்றால் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆடிய பையன்களை வைத்து உருவாக்கிய அணி. சின்னப் பையன்களிடம் போய்த் தோற்றுவிட்டார்களே என்று எரிச்சலோடு படுத்தேன். விடிவதற்குள் ஒக்கி புயல் வந்துவிட்டது.

அதைப் பற்றி முழுதாக எழுத எனக்குத் தெம்பில்லை. நான் துறைமுகத்தில் வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் விற்று ரிப்பேர் பார்க்கிறவன். படகில் வைக்கிற விஎச்எஃப் செட் எட்டுவது இருபது முப்பது கடல் மைல், நல்ல ஆன்டெனா இருந்தால் இன்னும் கொஞ்சம். எங்கள் ஆட்கள் இருந்தது அதைப் போல் பல மடங்கு தூரத்தில். அது தெரிந்தும் பெண்கள் என் கடை வாசலில் வந்து நின்றார்கள், ஒரு தடவை கூப்பிட்டுப் பார் மக்கா, ஒரு தடவை என்று. கூப்பிட்டேன். மூன்று நாள் கூப்பிட்டேன். எட்டு ஊரிலும் ஆள் போகாத தெரு இல்லை. ஒரே அணியில் ஆடிய பையன்கள் ஒரே படகில் போனவர்களாகவும் இருந்தார்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கேயும் டோர்னமென்ட் இல்லை. ஃபிளட் லைட் கம்பங்களில் கறுப்புக் கொடி கட்டியிருந்தார்கள்.

ஆனால் லீக் நிற்காதே. இந்தக் கரையிலிருந்து போய் வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அந்த மாதங்களில் எப்படிப் பந்தை நிறுத்தினார்கள், எப்படிப் பாஸ் கொடுத்தார்கள் என்று நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். அந்தச் சீசனில்தான் சூசை பெரிய கிளப்புகளின் கண்ணில் பட்டார். 2018இல் ஜாம்ஷெட்பூர் எஃப்சி எடுத்தது. (அவர் போன பிறகு சென்னை சிட்டி 2018-19 ஐ-லீக் கோப்பையையே ஜெயித்தது. விதி சில பேரிடம் இப்படித்தான் விளையாடும்.) ஜாம்ஷெட்பூரில் அந்த வருஷம் கூட ஆடியவர் யார் தெரியுமா, டிம் கேஹில். மூன்று உலகக் கோப்பைகளில் கோல் போட்ட ஆஸ்திரேலியாக்காரர். சாயாக்கடையில் ஒரு பெரியவர், "நம்ம பயலுக்குப் பக்கத்துல நிக்கானே, அந்த நெட்டையன் ஆரு?" என்று கேட்டார். அதுதான் எங்கள் ஊர்க் கணக்கு, கேஹிலுக்குப் பக்கத்தில் சூசை கிடையாது, சூசைக்குப் பக்கத்தில் கேஹில்.

2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைக்கு இந்திய அணியில் இடம். இகோர் ஸ்டிமாச் கோச்சாக வந்து கூட்டிப்போன முதல் அணி அது. அப்புறம் கொல்கத்தாவின் ஏடிகே, பின்னால் மோகன் பகானோடு சேர்ந்து ஏடிகே மோகன் பகான் ஆன அதே அணி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், புட்பால் பார்க்கிறவர்களே பலர் கவனிக்காதது. சென்னை சிட்டியில் நடுப்பக்கமும் முன்பக்கமும் சுதந்திரமாகத் திரிந்தவர், ஜாம்ஷெட்பூரில் பெரும்பாலும் இடது விங்குக்கு நகர்ந்தார், ஏடிகேயில் அந்தோனியோ ஹபாஸ் அவரை விங்-பேக் ஆக்கினார். பின்னால் மூன்று பேர், நடுவில் ஐந்து பேர் என்கிற முறையில் இடது ஓரக்கோடு முழுக்க ஒருவர் பொறுப்பு, ஏறவும் வேண்டும் இறங்கவும் வேண்டும். வலப்பக்கம் பிரபீர் தாஸ், இடப்பக்கம் சூசை. ஏன் இப்படி? அப்போது ஐஎஸ்எல்லில் களத்தில் ஐந்து வெளிநாட்டவர் ஆடலாம். கிளப்புகள் அந்த ஐந்து பேரை எங்கே வைக்கும்? முதுகெலும்பில்: ஸ்டாப்பர், நடு, ஃபார்வர்டு. ஏடிகேயில் நடுவில் ஹவி ஹெர்னாண்டஸும் எடு கார்சியாவும், இரண்டு ஸ்பெயின்காரர்கள். இந்தியப் பையனுக்கு மிஞ்சுவது ஓரம். இந்திய மிட்ஃபீல்டரின் தொழில் வாழ்க்கை என்பது பல பேருக்கு மைதானத்தின் நடுவிலிருந்து ஓரக்கோட்டைப் பார்த்து வருஷத்துக்குப் பத்தடி நகர்வதுதான். 2021-22இல் அந்த எண்ணிக்கையை நான்காகக் குறைத்தார்கள். நல்லது, ஆனால் தாமதம்.

சூசை அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கவில்லை, ஓரத்தையே தன் வீடாக்கிக்கொண்டார். 2020 மார்ச் 14, ஃபத்தோர்தாவில் ஆளில்லாத மைதானத்தில் ஃபைனல், ஏடிகே 3-1 என்று சென்னையின் எஃப்சி அணியை அடித்துக் கோப்பை எடுத்தது. கொல்கத்தா அணியில் கன்னியாகுமரிக்காரர், எதிரில் தமிழ்நாட்டின் அணி. எங்கள் கடையில் அன்றைக்கும் அதே குழப்பம்தான், யாருக்குக் கை தட்டுவது என்று. அடுத்த வாரம் கடையையே மூடச் சொல்லிவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து நவம்பர் 20. அதைத்தான் முதலில் சொன்னேன்.

இப்போது என் முட்டுக்கு வருகிறேன். 2009, ஈஸ்டருக்கு அடுத்த வாரம். உள்நாட்டுப் பக்கம் ஒரு ஊரில் டோர்னமென்ட், கடற்கரை கிடையாது, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் மைதானம். செம்மண்ணில் குறுணிக்கல் கிடக்கும், வெறுங்காலில் முடியாது என்று ஒரு நண்பனின் பூட்டைக் கடன் வாங்கிப் போட்டேன். அடியில் நீளமான ஸ்டட், எனக்கு அரை அளவு பெரியது, உள்ளே துணி திணித்தேன். மூன்று வாரத்தில் சென்னையில் எனக்கு ஒரு அணியின் டிரையல் இருந்தது, மாமா ஆள் பிடித்து ஏற்பாடு செய்தது. அந்த டோர்னமென்ட்டுக்குப் போகாதே என்று மாமா சொன்னார். போனேன். இருபது வயது.

இரண்டாம் பாதி. தற்காப்பிலிருந்து பந்து வருகிறது. தோளுக்கு மேல் பார்த்தேன், பின்னால் ஒருவன், வலப்பக்கம் சாய்கிறான். சரி, இடப்பக்கம் திரும்பணும். வலது காலை ஊன்றி உடம்பை இடப்பக்கம் சுழற்றினேன். உடம்பு சுழன்றது, தொடை சுழன்றது, கால் சுழலவில்லை. ஸ்டட் செம்மண்ணில் கடித்துக்கொண்டு அப்படியே நின்றது. உள்ளுக்குள்ளிருந்து ஒரு சத்தம், விறகு ஒடிகிற மாதிரி கூட இல்லை, சோடா மூடி திறக்கிற மாதிரி. வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. என்னை யாரும் தொடவே இல்லை. பின்னால் வந்தவன், "நான் அடிக்கல்லண்ணே, சத்தியமா அடிக்கல்ல" என்று அழுகிற குரலில் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. அவன் சொன்னது உண்மை. இந்தக் காயத்தில் பெரும்பாலானவை அப்படித்தான், ஆள் படாமலே, திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ வருவது.

மணலில் இது நடக்காது என்று சொல்ல வரவில்லை, மணலிலும் முட்டு போனவர்கள் உண்டு. ஆனால் மணலில் கால் வழுக்கிக்கொடுக்கும், நாம் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பும். பன்னிரண்டு வருஷம் மணலில் திரும்பக் கற்றவன், கால் தரையில் பூட்டிக்கொள்ளும் என்பதைக் கற்கவே இல்லை. அதை அன்றைக்குத்தான் கற்றேன், ஒரே பாடத்தில்.

ராத்திரிக்குள் முட்டு பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் கை கால் விஷயம் என்றால் முதலில் போவது வர்ம ஆசானிடம்தான், நானும் போனேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ எலும்பை அவர் கூட்டிச் சேர்த்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், என் சித்தப்பாவின் மணிக்கட்டு உட்பட. முறிவெண்ணெய் தடவி, உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் சிலாம்பு வைத்துக் கட்டினார். பத்து நாளில் வீக்கம் வற்றியது. பதினைந்தாம் நாள் நடந்தேன், இருபதாம் நாள் மெதுவாக ஓடினேன். வலி இல்லை. ஏசிஎல், முட்டுக்குள் எலும்புகளைப் பிடித்து வைக்கிற கயிறு, அறுந்தவனுக்கு வலி போய்விடும், அதுதான் அதன் வஞ்சகம். நேராக ஓடினால் ஒன்றும் தெரியாது.

சென்னைக்குப் போனேன். முதல் இருபது நிமிடம் நன்றாகவே ஆடினேன் என்று இப்போதும் நம்புகிறேன். அப்புறம் ஒரு பந்து வந்தது, பின்னால் பார்த்தேன், இடப்பக்கம் திரும்பினேன். முட்டு கழன்று போன மாதிரி கீழே இறங்கியது, உட்கார்ந்துவிட்டேன். எழுந்தேன். இன்னொரு தடவையும் அதே மாதிரி ஆனது. ஓரத்தில் நின்றவர் கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார், என்னைப் பார்க்கவில்லை. டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாம். பஸ் காசு கூடக் கிடைக்கவில்லை என்பதை விடுங்கள், ஒரு வார்த்தை. திருச்செந்தூர் வரை போகிற வண்டி ஒன்றில் நின்றுகொண்டே வந்து, அங்கிருந்து மாறி மாறி ஊர் சேர்ந்தேன். மாமா ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடச் சொன்னார். மரச்சீனிக் கிழங்கும் நெய்மீன் குழம்பும்.

ஸ்கேன் எடுத்தது 2014இல், கல்யாணத்துக்கு அப்புறம், படகில் ஏறும்போது வழுக்கி மறுபடி வீங்கியபோது. டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு, நடுவே இரண்டு கயிறுகள், ஒன்றுக்கொன்று குறுக்கே, குருசு போல. அதில் முன்னால் இருக்கிற கயிறு உனக்கு இல்லை என்றார். அறுந்திருக்கிறது என்று சொல்லவில்லை, இல்லை என்றே சொன்னார். அது தானாக ஒட்டாது. ஆப்பரேஷனில் உன் உடம்பிலிருந்தே, தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டுச் சிரட்டைக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு அதில் கோத்துக் கட்டுவார்கள். புதுக் கயிறு பழைய கயிறாக மாற மாதக்கணக்கில் ஆகும், ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆட்டத்துக்குப் போகக் கூடாது. நீ இனி என்ன விளையாடப் போகிறாய் என்று கேட்டார். யோசித்தேன். கடைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன், மனைவிக்கு ஏழாம் மாதம். ஒன்றும் விளையாடப் போகவில்லை என்றேன். அப்படியானால் தொடையைப் பலப்படுத்து, திரும்புகிற விளையாட்டு வேண்டாம், இப்படியே காலம் தள்ளலாம் என்றார்.

திரும்புகிற விளையாட்டு. நல்ல பெயர்.

இப்போது நினைத்துப் பாருங்கள், கிளப்பில் ஆடுகிறவருக்கு எல்லாம் கிடைக்கும்: விழுந்த உடனே ஸ்கேன், நல்ல சர்ஜன், ஃபிசியோ, சம்பளம். எனக்குக் கிடைக்காத அத்தனையும். அதனால் அவர் மீண்டு வருவார் என்று நான் கடையில் எல்லாரிடமும் அடித்துச் சொன்னேன், என் முட்டை அவருடைய முட்டால் ஜெயிக்கப் பார்த்தேனோ என்னமோ. மீண்டும் வந்தார், உண்மைதான். 2021-22இல் மறுபடி மோகன் பகான் சட்டையில் சில ஆட்டங்களில் பார்த்தோம். 2022இல் ஒடிசா எஃப்சிக்குப் போனார். இறங்குகிற ஒவ்வொரு தடவையும் கடையில் கை தட்டினோம். ஆனால் நான் பார்த்தது வேறு. பந்து வரும் நேரத்தில் அவர் தோளுக்கு மேல் பார்ப்பார், அது போகவில்லை, அது போகவே போகாது. பார்த்த பிறகு ஒரு கணம், அரைக் கணம், உடம்பு ஒரு கேள்வி கேட்கிற மாதிரி எனக்குத் தோன்றும். டிவியில் அது தெரியுமா என்றால் தெரியாது, எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. ஒருவேளை அது என் முட்டின் சந்தேகமாகவும் இருக்கலாம், அவருக்கு அப்படி ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். மாமாவிடம் கேட்டேன். "நீ அவன் ஆட்டத்தப் பாரு, ஒன் காலப் பாக்காத" என்றார்.

ஒரு நல்ல மாற்றம் சொல்ல வேண்டும். இப்போது பையன்கள் முட்டில் சத்தம் கேட்டால் மறுநாளே ஸ்கேனுக்குப் போகிறார்கள். ஏசிஎல் என்ற மூன்றெழுத்து எங்கள் கரையில் எல்லாப் பாட்டிக்கும் தெரியும், அது சூசையால். வர்ம ஆசானின் மகனே போன வருஷம் ஒரு பையனைப் பார்த்துவிட்டு, "இது எங்கட்ட உள்ளது இல்ல, படம் எடுத்துட்டு வா" என்று அனுப்பியிருக்கிறார்.

மணல்தான் குறைந்துவிட்டது. கடல் உள்ளே வர வர, வீடுகளைக் காப்பாற்றக் கல் போட்டார்கள், தப்பு சொல்ல முடியாது, கல் போடாத இடத்தில் தெருவே போனது. நாங்கள் ஆடிய இடத்தில் இப்போது பாறாங்கல் குவியல். தூண்டில் வளைவு, கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, கட்டிய இடத்தில் அதன் மேற்குப் பக்கமாக ஒரு துண்டு மணல் சேர்ந்திருக்கிறது, அரை மைதானம் கூட வராது. சாயங்காலம் அங்கேதான் பிள்ளைகள். மாமா எழுபது தாண்டியும் அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பந்து உதைக்க முடியாததால் என்னை உதைக்கச் சொல்வார், கத்துவது மட்டும் அவர்.

போன ஞாயிறு ஒரு பையன் குறைந்தான் என்று என்னையே நடுவில் நிறுத்தினார்கள். வெறுங்கால், ஈர மணல், நாற்பதை நெருங்குகிற உடம்பு. பந்து வந்தது. தோளுக்கு மேல் பார்த்தேன். பின்னால் பத்து வயசுப் பொடியன், சாயவே இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான், எனக்கு வலப்பக்கம். நான் வலப்பக்கம்தான் திரும்பினேன், வேறு வழி தெரியாதே. பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எல்லாரும் சிரித்தார்கள். "எப்பிடிலே தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"நீங்க எப்பவும் அந்தப் பக்கந்தானே மாமா திரும்புவீங்க" என்றான். நாற்காலியிலிருந்து மாமா, "லேய், அவனுக்கு ஒரு சாயா வாங்கிக் குடு" என்றார். எனக்கா அவனுக்கா என்று சொல்லவில்லை. இரண்டு சாயாவாகவே வாங்கினேன்.